சத்தம் போடாத கேமரா

கனம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொன்னதைக் கடைக்காரர் சென்னியப்பன் நம்பவில்லை. கனம் பொருட்டில்லை என்கிறவள் எதற்கு உள்ளங்கைக்குள் அடங்குகிற கேமராவாகக் கேட்கவேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், மேசையின் மேல் பச்சைத் துணியை உதறி விரித்தார், மூன்று கேமராக்களை இடைவெளி விட்டு வைத்தார். ஒன்றில் சின்ன ஜூம், திரையை மடக்கி முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஒன்றில் பெரிய ஜூம், "மருதமலைப் படியில நிக்கறவிய மூக்குத்தி வரைக்கும் தெரியுமுங்க" என்றார். மூன்றாவதில் ஜூமே இல்லை, கறுப்பாக, சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது, அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "யாருக்குங் மேடம், பசங்களுக்குங்களா?" "எனக்குத்தாங்க." எனக்குத்தான் என்பது பொய்யில்லை, ஆனால் அம்மாவுக்காக என்று சொல்லியிருந்தால் அம்மாவின் காதில் விழுந்திருக்கும். அம்மா வாசலோரம் மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் ராம்நகரில் பிசியோதெரபி, அது முடிந்து கணபதியில் இருக்கிற வீட்டுக்குத் திரும்புகிற வழியில் இந்தக் கடை. "ஒரு பத்து நிமிசம்மா" என்று ஆட்டோவை நிறுத்தினேன், பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. இங்கிருந்து பார்த்தால் அம்மாவின் வலது காது, வலது கன்னம், வைரம் இல்லாத பழைய ஏழுகல் தோட்டில் வலதுபக்கத்துத் தோடு. மற்றப் பக்கம் முந்தானைக்குள். ஆறு மாதமாக எனக்குக் கிடைத்திருப்பது அம்மாவின் வலது பக்கம் மட்டும்தான்.

சென்சார் அளவு, லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும், பேட்டரி எத்தனை படம் தாங்கும், எல்லாவற்றையும் ஒரு வாரமாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், நாற்பத்தெட்டு வயதில் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அட்டவணை போட்டு, எண்களை இங்கிலீஷிலும் பயங்களைத் தமிழிலும் எழுதி. எந்த அட்டவணையிலும் இல்லாதது ஒன்றுதான்: திறக்கும்போது எவ்வளவு சத்தம் போடும். சின்ன ஜூமை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன், ர்ர்ரீங் என்று லென்ஸ் கழுத்தை நீட்டியது. வாசலில் அம்மாவின் தோள் ஒரு விரற்கடை மேலே ஏறியதைப் பார்த்தேன். பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா, வெளியே ஒரு பஸ்ஸும் ஹாரன் அடித்தது, அதற்காகவும் இருக்கலாம். அணைத்தேன், ரீங்ர்ர் என்று உள்ளே போனது. "சத்தம் வராம எதுனா இருக்குதுங்களா?" "ஷட்டர் சத்தந்தானுங்க, அத மியூட்ல போட்டுக்கலாம்." "இல்லீங்க, தெறக்கறப்ப வர்ற சத்தம்." அவர் சற்று யோசித்தார். "குருவி படம் எடுக்கறீங்களா?" என்றார். இல்லை என்று சிரித்தேன். குருவிதான் என்று சொல்லியிருக்கலாம். கிட்டப் போனால் பறந்துவிடுகிறது, எட்ட நின்றால் முகம் காட்ட மாட்டேன் என்கிறது.

என் சொந்தக் கேமரா வீட்டில் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் இருக்கிறது, லென்ஸோடு சேர்த்தால் ஒன்றேமுக்கால் கிலோ, இருபத்தோரு வருடம் என் வலது மணிக்கட்டில் தொங்கியது. கல்யாணம், காடு, கட்டடம் எதையும் நான் எடுத்ததில்லை, கேட்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் ஆஸ்பத்திரிப் போட்டோகிராபர். அப்படி ஒரு வேலை இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது, அம்மாவுக்கே ஐந்தாறு வருடம் புரியவில்லை, எக்ஸ்ரே எடுக்கிற வேலை என்று கணபதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். புண், தழும்பு, வெட்டித் தைத்த தையல், தோலில் வந்த தடிப்பு, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே வெளிச்சம், ஒரே தூரம், பின்னால் ஒரே சாம்பல் திரை, பக்கத்தில் சின்ன அளவுகோல். அழகாக எடுக்கக் கூடாது, அதுதான் முதல் பாடம். ஒருவருடைய முதுகை அவருக்கே தெரியாத அளவுக்கு எனக்குத் தெரியும், முகத்தை மறந்திருப்பேன். அப்படி எத்தனை ஆயிரம் முதுகு. கையில் ஒரு பழக்கம் ஏறிவிடுகிறது, சமையல்காரனுக்கு உப்பு மாதிரி, பார்க்கவே வேண்டாம், கை போய் எடுத்துவிடும். கை போய் எடுத்ததுதான் அன்றைக்கும்.

ஏப்ரல் கடைசி. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பதாவது நாள் நான் வந்து சேர்ந்தேன், வேலையை விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை, லீவு என்றேன். மூன்றாவது நாள் காலையில் குளித்து, தலை ஆற்றிக்கொண்டு, கிழக்கு ஜன்னல் பக்கம் நின்றாள். வெளிச்சம் அவ்வளவு ஒழுங்காக விழுந்தது. இதை நான் எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டாலும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது, வெளிச்சம் ஒழுங்காக விழுந்தது, அதனால் எடுத்தேன், கொலை செய்தவன் கத்தி கையில் இருந்தது என்று சொல்வது போல. முக்காலியைச் சுவரோரம் போட்டு உட்காரச் சொன்னேன். நேராகப் பாரும்மா. இந்தப் பக்கம் திரும்பு. அந்தப் பக்கம். நேர், இடம், வலம், அது ஒரு மந்திரம் எங்களுக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். முகவாதத்துக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது, கை அதற்குள் போய்விட்டது: புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கி மூடு, மூக்கைச் சுருக்கு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவி. அம்மா எல்லாவற்றையும் செய்தாள். புருவம் இரண்டும் சமமாக ஏறியது, மூளையில் வந்த வாதம் நெற்றியை விட்டுவிடும், சரிதான், சரிதான் என்று எனக்குள் ஒருத்தி குறித்துக்கொண்டாள், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பல்லைக் காட்டு என்றபோது வலது பக்கம் மட்டும் ஏறியது, இடது பக்கம் ஏதோ மறந்துபோன மாதிரி அப்படியே நின்றது. பளிச். விசில் அடி என்றபோது காற்று மட்டும் வந்தது. பளிச். ஒன்பது படம். "டாக்டருக்கா கண்ணு?" என்று கேட்டாள், வார்த்தை ஓரங்களில் மழுங்கி வந்தது. "இல்லம்மா, சும்மா. அடுத்த மாசம் இதே மாதிரி எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றேன். சும்மா என்றேன்.

நான் குளிக்கப் போயிருந்தேன். லேப்டாப் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. ஒன்பதும் ஒரே திரையில், மூன்று மூன்றாக. வந்து பார்த்தபோது அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. நான் ஓடிவந்து மூடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், முன்னேற்றம் தெரியும்மா என்று ஏதோ விளக்க ஆரம்பித்தேன். "போலீஸ்ல எடுக்கற மாதிரி எடுத்துருக்கறயே அம்மிணி" என்றாள். கோபமாக இல்லை, சிரிக்கப் பார்த்த மாதிரிகூட இருந்தது. பிறகு தோளில் கிடந்த முந்தானையைப் பின்னாலிருந்து சுற்றி இழுத்து இடது கன்னத்தின் மேல் விட்டுக்கொண்டாள். நான் வந்து சேர்வதற்கு முன்னால் ஒன்பது நாளும் அவள் முகத்தை மறைக்கவில்லை என்று சித்தி சொன்னாள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை சொந்தக்காரர்கள், எல்லோரிடமும் அப்படியே பேசினாளாம், "பாதி மூஞ்சி ஸ்ட்ரைக்ல இருக்குது" என்று சிரிக்க வைத்தாளாம். முகத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வைக்காமல் எடுத்தேன், அந்த மட்டும். அன்றிலிருந்து சாப்பிடுவது சுவரைப் பார்த்து. ஆட்டோவில் என்றால் இடது பக்க ஓரம், முகம் வெளியே. பேசுவாள், ஏசுவாள், ரசத்தில் உப்பு இல்லை என்பாள், ஆனால் திரும்ப மாட்டாள். மற்றவர்களிடம் இல்லை, என்னிடம். பால்காரரிடம் இன்றைக்கும் முழு முகத்தோடுதான் பேசுகிறாள், நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன், நான் வெளியே வந்ததும் முந்தானை ஏறிவிடும்.

"மேடம், இதப் பாருங்க, இதுதான் இப்ப எல்லாரும் கேக்கறது" என்று சென்னியப்பன் சின்ன ஜூமைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்க அமுக்கவே வேண்டாம். சிரிச்சாத் தானா எடுத்துக்கும்." திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் வந்து உட்கார்ந்தது. அவர் கடுகடுவென்று இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை, பிறகு மேல்வரிசைச் செட்டுப் பல் முழுக்கத் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார், க்ளிக் என்றது. "பாத்தீங்களா. எம் பொண்டாட்டிக்குக் கூட நாஞ் சிரிக்கறது தெரியாதுங்க, இதுக்குத் தெரிஞ்சுருது." வாங்கி என் பக்கம் திருப்பினேன். மஞ்சள் கட்டம் என் முகத்தைக் கண்டுபிடித்தது. உதட்டின் இடது பக்கத்தைப் பல்லால் உள்ளேயிருந்து கடித்துப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்தை மட்டும் மேலே ஏற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றினேன், கன்னம் வலிக்கிற அளவுக்கு. கட்டம் அப்படியே காத்திருந்தது, இவள் இன்னும் சிரிக்கவில்லை என்று. கண்ணாலும் சிரித்துப் பார்த்தேன், கண் போதாதா. போதவில்லை. யாரோ எங்கோ உட்கார்ந்து லட்சம் சிரிப்புகளை இதற்குக் காட்டிப் பழக்கியிருப்பார்கள், இரண்டு பக்கமும் ஏறினால்தான் கணக்கு. "பல்லு வலிங்களா மேடம்?" என்றார் சென்னியப்பன். "கிராம்பு இருக்குது, தரட்டுங்களா?" இல்லைங்க என்று கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, கடித்ததால்தான். "இத ஆஃப் பண்ண முடியுமா?" "அதுக்குத்தானுங்களே எல்லாரும் வாங்கறாங்க" என்றார், பாவம், நிஜமாகவே குழம்பிப்போய்.

அம்மாவின் சிரிப்பு பழையபடி இருந்தபோது எந்தப் பக்கம் முதலில் ஏறும்? இதுதான் ஒரு வாரமாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தொண்டையில் மீன்முள் மாதிரி. யாராக இருந்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் முந்தும், சமமான முகம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது, அளந்து பார்த்தவள் சொல்கிறேன். அம்மாவுக்கு? நினைக்கப் பார்த்தால் அந்த ஒன்பதும்தான் வருகின்றன, மூன்று மூன்றாக. அதற்கு முந்தையது ஏதாவது வேண்டும் என்று ஆல்பங்களை எல்லாம் எடுத்துப் போட்டேன். அப்பா இருந்தபோது எடுத்ததில் அம்மா வாயை மூடிக்கொண்டு நேராக நிற்கிறாள், அந்தக் காலத்தில் எல்லோரும் நின்ற மாதிரி. நான் லீவில் வந்தபோதெல்லாம் எடுத்ததில் அவள் இல்லவே இல்லை, அடுப்படியில் இருந்திருப்பாள், வாம்மா என்று ஒருமுறை கூப்பிட்டிருப்பேன், வர்றேன் வர்றேன் என்றிருப்பாள், நானும் விட்டிருப்பேன். வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரை எடுத்தவளிடம் அம்மா சிரிக்கிற ஒரு படம் இல்லை. டாக்டர் வேறு, வாதம் இன்னொரு தடவை வரக்கூடும் என்கிறார், வரும் என்று சொல்லவில்லை, கூடும் என்றார், மாத்திரையை விடாதீங்க என்றார். அதனால்தான் இப்படி ஒரு சின்னக் கேமரா. பைக்குள், கைக்குள் வைத்துக்கொள்ளலாம், அவள் பால்காரரோடு பேசும்போது, வெயிலில் மிளகாய் காயவைக்கும்போது, அவளுக்கே தெரியாமல் ஒன்று, ஒன்றே ஒன்று. ஒன்பதுக்கு மேலே வைக்க ஒன்று.

ஜூம் இல்லாததைக் கையில் எடுத்தேன். இதன் லென்ஸ் வெளியே நீள்வதே இல்லை, பொத்தானை அழுத்தினால் திரை மட்டும் விழிக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. கேட்டது இதுதான். எடுத்தவுடனே தெரிந்தது, விரல் இருக்கிற இடத்தில் பொத்தான் இருக்கிறது, யோசிக்காமல் கை போகும். ஆனால் இதில் முகம் கட்டம் நிறைய வேண்டுமென்றால் கிட்டப் போகவேண்டும், ஒரு முழத்துக்குக் கிட்டத்தில். அந்த மருதமலை ஜூம் என்றால் மாடியிலிருந்தே எடுத்துவிடலாம். இரண்டு கையிலும் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். எட்ட நின்று சத்தத்தோடா, கிட்டப் போய்ச் சத்தமில்லாமலா, இப்படி யாராவது கேமரா தேர்ந்தெடுப்பார்களா. "எத்தன நேரந்தான் பாப்பே?" என்று வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், தெருவைப் பார்த்தபடியே. "கேமராவா, மாப்பிள்ளையா? மாப்பிள்ளையவே நீ இத்தன நேரம் பாக்கலையே." சென்னியப்பன் சிரிப்பை அடக்க மேசையைத் துடைத்தார். "அதனாலதாம்மா இத நல்லாப் பாக்கறேன்" என்றேன். "பாரு பாரு. புடிக்கலீன்னா மாப்பிள்ளையாட்ட இதையும் அங்கயே வுட்டுட்டு வந்துரு." முந்தானைக்குள்ளிருந்து அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். இந்த நொடி, இதோ, முந்தானைக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. நான் என்ன செய்தேன் என்றால், சத்தமில்லாத அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, திரையை மட்டும் குனிந்து பார்த்து, அம்மாவின் பக்கம் திருப்பினேன். இதிலும் ஒரு மஞ்சள் கட்டம் வந்து அங்கும் இங்கும் அலைந்தது. அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் ஆல்பம் விளம்பரத்துக்கு ஒட்டியிருந்த கல்யாணப் பெண்ணின் முகத்தில் போய் உட்கார்ந்தது. மறுபடி இறக்கினேன், மறுபடி பெண்ணின் முகத்துக்கே போனது. அம்மா என்கிற இடத்தில் ஒரு சேலையும் கொஞ்சம் நரைத்த தலையும், கேமராவின் கணக்கில் முகம் என்று எதுவும் இல்லை. விரல் பொத்தானின் மேல் இருந்தது. பாதி அழுத்தியிருந்தேன்.

என்ன செய்கிறாய் கலாமணி, என்று என் பேரைச் சொல்லி யாரோ கேட்ட மாதிரி இருந்தது, யாரும் கேட்கவில்லை. விரலை எடுத்தேன். இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் இப்படிச் செய்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் நீட்டுவேன், குனிந்து, அவர்கள் கண் உயரத்துக்கு உட்கார்ந்து. இந்தப் படம் உங்கள் மருத்துவக் குறிப்பில் மட்டும் இருக்கலாமா, மாணவர்களுக்குக் காட்டலாமா, புத்தகத்தில் போடலாமா. அப்புறம் மனப்பாடமாக ஒரு வரி: நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் உங்களைக் கவனித்துக்கொள்வதில் எந்த மாற்றமும் இருக்காது. குடித்துவிட்டு விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவனிடமும் சொல்லியிருக்கிறேன், தெளிகிற வரை காத்திருந்து. பிறந்து இரண்டு மணி நேரமே உயிரோடு இருந்த ஒரு குழந்தையைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள் ஒருமுறை, அந்தத் தாய் பதில் சொல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கேமராவை மடியில் கவிழ்த்து வைத்து நாற்பது நிமிடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவளாகச் சரி என்று தலையாட்டுகிற வரைக்கும். முன்பின் தெரியாதவளிடம் நாற்பது நிமிடம். அம்மாவிடம் என்ன சொன்னேன்? திரும்பு. மூடு. காட்டு. உப்பு. ஒருவேளை நம் வீடுகளில் அம்மாவிடம் எதையுமே யாரும் கேட்பதில்லையோ, காபி குடு, சட்டையை எங்கே வெச்சே, நேராப் பாரு. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரமாக இன்னும் சின்னதாக, இன்னும் சத்தமில்லாததாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், கேட்காமல் எடுப்பதற்கு வசதியாக.

வாசலுக்குப் போனேன். அம்மாவின் வலது பக்கம் போய் நிற்பதுதான் வழக்கம், அவளுக்கும் சிரமம் இல்லை எனக்கும் இல்லை. வலது பக்கம் யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் படியை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் முன்னால் வந்து, படியில் குந்தினேன், முழங்கால் கடக்கென்றது. அம்மா முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். கையில் அந்தச் சோப்புப் பெட்டி இருந்தது, அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்புறத்து ஜவுளிக்கடையைப் பார்த்தாள். "இதுவா எடுத்தே?" "இன்னும் எடுக்கலம்மா." "நல்லாத்தான் இருக்குது. சோப்பு டப்பாவாட்ட." கேமராவை மடியில் கவிழ்த்து வைத்தேன். வாய் வறண்டிருந்தது, எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்ன வாய். "அம்மா, அன்னிக்கு உங்கிட்டக் கேக்காம எடுத்துட்டேன்." "எத?" என்றாள், எதை என்று அவளுக்குத் தெரியும். "ஒம்பது படம்." ஒரு ஆட்டோ போனது, இன்னொரு ஆட்டோ போனது. "சொல்லிச் சொல்லித்தானே எடுத்தே. திரும்புன்னே, கண்ண மூடுன்னே." "அது சொல்றதும்மா. கேக்கறதில்ல." அம்மா ஜவுளிக்கடை வாசலையே பார்த்தாள். "இப்பக் கேக்கறேன். உன்ன ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா? டாக்டருக்கு இல்ல, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கும் இல்ல. வேண்டாம்னா வேண்டாம். நீ வேண்டாம்னு சொன்னாலும் எதுவும் மாறாது."

 கடைக்குள் சென்னியப்பன் யாருக்கோ போனில் பேட்டரி இருப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் வலது கை முந்தானை விளிம்பை விரலால் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது, இடது கை மடியில் கிடந்தது, அது இன்னும் அவளோடு பேசத் தொடங்கவில்லை. கேட்டிருக்கக் கூடாது என்று ஒரு பயம் வந்தது, கேட்டுவிட்டால் பதில் வரும், வந்தால் அதோடு முடிந்தது, திருடியாவது ஒன்று வைத்திருந்திருக்கலாம். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. "வேண்டாம் கண்ணு" என்றாள் அம்மா. அதைச் சொல்லத்தான் என் பக்கம் திரும்பினாள். மறுப்பதை ஒருவர் முகத்துக்கு நேராகத்தான் மறுக்கவேண்டும் என்பது அவளுடைய குணம், கடைக்காரரிடம், சம்பந்தியிடம், எல்லோரிடமும் அப்படித்தான். திரும்பியதில் முந்தானை வழுக்கித் தோளில் விழுந்தது, கை அதைப் பிடிக்கப் பாதி வந்து நின்றுவிட்டது. "சரிம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடியும் சொன்னேன், "சரி. எடுக்கலை." "அந்த ஒம்பதும் இருக்குதா?" "இருக்குது. அழிச்சரட்டுமா?" யோசித்தாள். "அழிக்காத. டாக்டர் கேட்டா வேணும். ஆனா நீ அதப் பாக்காத." உதட்டோரம் கையால் துடைத்துக்கொண்டு, "பாக்கோணும்னா இங்க பாரு, நாந்தான் இருக்கறனே" என்றாள்.

"மேடம், எத மேடம் எடுத்து வெக்கறது?" என்று உள்ளேயிருந்து குரல். "ஜூம் இல்லாததுங்க, வர்றேன்" என்றேன் திரும்பாமல். திரும்ப முடியவில்லை. அம்மாவின் முகம் ஒரு முழத்தில் இருந்தது, தெருவின் வெளிச்சம் முழுவதும் அதன் மேல். இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை மறந்தே போயிருந்தேன். இடது கண் வலது கண்ணைவிடச் சற்று பிந்தி இமைத்தது, கூப்பிட்டால் பின்னாலேயே வந்து நிற்கிற மாதிரி. எனக்குள் இருந்த அந்த இன்னொருத்தி எதையும் குறித்துக்கொள்ளவில்லை, அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. "என்ன அம்மிணி அப்புடிப் பாக்கறே, கூச்சமா இருக்குது" என்று அம்மா சிரித்தாள். வலது பக்கம்தான் ஏறியது. இடது பக்கத்தில் உதட்டோரம் ஒரு சின்னக் குழி விழுந்து உடனே போயிற்று, விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. "போதும் போ, ஆட்டோவப் புடி."

"இன்னுங் கொஞ்ச நேரம்மா" என்றேன்.

அம்மா திரும்பிக்கொள்ளவில்லை.